அழுங்கின் கன்ன வளைவு

2011 மார்ச் 14. நந்திக்கு வாங்கிய பணம் திருப்பிக் கொடுத்தது. ரூ. 38,000.
2011 ஏப்ரல் 2. கொட்டகைக்குக் குறுக்கே தகரம். ரூ. 6,930.
2022 ஜூன் 20. கல்லூரி முன்பணம். ரூ. 80,000.
2022 ஜூலை 4. கருங்கல், எட்டுத் துண்டு. ரூ. 52,400.
2023 மார்ச் 3. ஏழு தலைக்கு மீதி. ரூ. 2,00,000.
2023 மார்ச் 3. எட்டாவது தலைக்கு. ரூ. 0.

மாமல்லபுரத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் போகும் சாலையில், கடலைச் சவுக்குத் தோப்பு மறைக்கிற இடத்தில், ஒரே கூரையின் கீழ் இரண்டு கல் பட்டறைகள் இருக்கின்றன. வாசல் இரண்டு, பெயர்ப் பலகை இரண்டு, மின் மீட்டர் இரண்டு. நடுவில் தரையிலிருந்து உத்திரம் வரை தகரத் தடுப்பு. தென்பக்கம் ஏசுபாதம், வடபக்கம் உலகநாதன். தகரம் துருப்பிடித்து ஆணித் துளைகள் பெரிதாகிவிட்டன. அந்தப் பக்கத்துத் தூசி இந்தப் பக்கம் வரும், இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கம் போகும். இருவரும் நேருக்கு நேர் பேசிப் பல வருடம் ஆகிறது. ஆனால் ஒருவர் காதில் விழட்டும் என்று மற்றவர் பேசாத நாள் கிடையாது.

ஏசுபாதம் பிறந்தது சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக் கோட்டைக்கு மேற்கே உள்ள காலனியில். அப்பா அடுத்தவர் கழனியில் கூலிக்கு ஏர் ஓட்டியவர். கழனிக்குப் போக மாட்டேன் என்று பதினாறு வயதில் ஏசுபாதம் கல்பாக்கம் குடியிருப்பில் சுவருக்குக் கல் உடைக்கப் போனார். அங்கிருந்து மாமல்லபுரத்துக்குப் படிக்கல் கொத்த வந்தார். படிக்கல்லிலிருந்து பீடம், பீடத்திலிருந்து யானை, யாளி, கடைசியில் சாமி. யாரும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கவில்லை. கண்ணால் திருடிய வேலை என்று பட்டறைகளில் சொல்வார்கள். அதைப் பாராட்டாகவும் சொல்லலாம், வசையாகவும் சொல்லலாம். ஏசுபாதத்திடம் சொன்னவர்கள் வசையாகத்தான் சொன்னார்கள். அவரும் ஒருவரையும் மறக்கவில்லை.

கோபக்காரர்தான், ஆனால் கத்துகிற கோபம் இல்லை. கேட்டால் பதில் வராது. வந்தால், கேட்டவர் ஏன் கேட்டோம் என்று நினைப்பார். மனைவி பாப்பா அவருக்கு வைத்த பெயர் கல்லுளிமங்கன்.

உலகநாதன் திருக்கழுக்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பம். உள்ளே இருந்த நிலத்தை விற்றுச் சாலையோரத்தில் இடம் வாங்கிக் கொட்டகை போட்டவர். உளியில் சுமார். கிரைண்டர் பிடித்தால் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகும். அதைவிட வாய். வண்டியை நிறுத்தி இளநீர் குடிக்க இறங்கியவரிடம் பிள்ளையாரை விற்று அனுப்புகிற வாய். ஒன்பது வருடம் இருவரும் கூட்டு, கொட்டகையிலும் ஆளுக்குப் பாதி. மச்சான் என்றால் மச்சான். பாப்பா கட்டிக் கொடுத்த மீன் குழம்பில் பாதி உலகநாதன் தட்டுக்குத்தான் போகும்.

அந்தக் கூட்டு ஒரு நந்தியின் காதோடு போனது. மதுராந்தகம் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குச் செய்த நந்தி. வேலை முடிகிற நேரத்தில் உலகநாதனின் பிளேடு தட்டி இடது காது முறிந்தது. பின்னமான சிலை வாசலைத் தாண்டக் கூடாது என்பது எந்தப் பட்டறையிலும் உள்ள வழக்கம். பின்னமானதைப் பார்த்து இன்னொன்று செய்யவும் கூடாது. உலகநாதன் பிசினில் கல் மாவைக் குழைத்துக் காதை ஒட்டி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, எண்ணெய் பூசி, மூன்று நாள் வெயில் படாமல் மூடி வைத்தார். பிரித்தபோது செய்த அவருக்கே ஒட்டிய இடம் தெரியவில்லை. வண்டியில் ஏற்றுகிற அன்று, ஊர்க்காரர்கள் சூடம் கொளுத்துகிற நேரத்தில், ஏசுபாதம் விரல் முட்டியால் இரண்டு காதையும் தட்டிக் காட்டினார். வலது காது கணீர் என்றது. இடது காது மண்பானை மாதிரி கேட்டது.

பணம் திரும்பப் போனது. அடுத்த மாதம் தகரம் வந்தது.

அதற்குப் பிறகு உலகநாதன் வடபக்கத்தில் இயந்திரங்களாக வாங்கிப் போட்டார். தென்பக்கத்தில் ஏசுபாதம் தனியாக உளி பிடித்தார். காட்டிக் கொடுத்தவன் என்று சாலை முழுக்கப் பெயர். கூலிக்குச் சேர வருகிறவர்களைத் தேநீர்க் கடையிலேயே தடுத்து, "அங்கியா போற? ஒரு நாளு உன்னியும் தட்டிப் பாப்பான்" என்று உலகநாதன் சொல்லி அனுப்புவார்.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் டாக்டர் பிரபா வந்தார். செங்கல்பட்டுக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் உள்ள ஒரு கால்நடைக் கல்லூரியில் உடற்கூறு பாடம் நடத்துகிறவர். நாற்பது வயதுப் பெண்மணி. காரை விட்டு இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினார். கல்லூரி வாசலில் எட்டு மிருகங்களின் மண்டையோடு கல்லில் வேண்டும். எலியானாலும் குதிரையானாலும் எல்லாம் ஒரே நீளம், இரண்டடி. அப்போதுதான் மாணவர்களுக்கு வித்தியாசம் கைக்குத் தெரியும்.

பெட்டியைத் திறந்து பூனை மண்டையோட்டை எடுத்துக் கல் மேல் வைத்தார். கண்குழிக்குக் கீழிருந்து காது வரைக்கும் பக்கவாட்டில் ஒரு எலும்பு பாலம் மாதிரி வளைந்து போனது. அதற்கும் மண்டைக்கும் நடுவே இடைவெளி. டாக்டர் அதற்குள் விரலை விட்டார்.

"இதுதான் கன்ன வளைவு. உங்க காதுக்கு முன்னாடி கைய வெச்சுப் பல்லைக் கடிங்க. எலும்பு தட்டுப்படுதா? அதுக்குப் பின்னாடி ஒண்ணு புடைக்குதா? அது கடிக்கிற சதை. இந்த இடைவெளி வழியாத்தான் தாடைக்கு இறங்குது. எவ்வளவு அழுத்திக் கடிக்கிற மிருகமோ, அவ்வளவு வெளிய தள்ளி நிக்கும் இந்த வளைவு. பூனைக்குப் பாருங்க, சட்டிக் காது மாதிரி. ஆட்டுக்கு ஒட்டினாப்புல இருக்கும். பன்னிக்கு மொத்தம். குதிரைக்குக் கண்ணைச் சுத்தி வளையமே உண்டு."

ஏசுபாதம் பல்லைக் கடித்துப் பார்க்கவில்லை. பூனையின் மண்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஒட்டு வேலை, பவுடர் வேலை எதுவும் வேணாம்," என்றார் டாக்டர். "வளைவுக்குக் கீழ வெளிச்சம் தெரியணும். அடைச்சு வெச்சா அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்."

"ஒட்டு வேல வேணும்னா அடுத்த வாசலு," என்றார் ஏசுபாதம், தகரத்தைப் பார்த்து.

தகரத்துக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது.

டாக்டர் அதைக் கவனிக்காமல், முன்னால் ஒரு பலகைக் கல் வைத்துச் செய்தவர் பெயரை வெட்டப்போவதாகச் சொன்னார். ஏசுபாதம் மண்டையோட்டைக் கீழே வைத்தார்.

"யாரு பேரு?"

"செஞ்சவர் பேருதான். எட்டும் நீங்களே செஞ்சா உங்க பேரு மட்டும்."

சாமி சிலையில் செய்தவன் பெயர் இருக்காது. ஏசுபாதம் கையால் பிறந்த நந்தியும் அம்மனும் தூண் யாளியும் எத்தனையோ ஊர்களில் நிற்கின்றன. ஒன்றின் அடியிலும் அவர் பெயர் கிடையாது. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக் கொண்டதில்லை. ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது, "பேரு போடறாங்களாம்" என்று இரண்டு முறை சொன்னார். பாப்பாவுக்கு அது போதும். இந்த மனிதனுக்கு இது வேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

மறுநாளே வடபக்கத்திலிருந்து ஆரம்பித்தது. உலகநாதன் தன் கூலியாளிடம் பேசுகிற மாதிரி தகரத்திடம் பேசினார்.

"கேட்டியா, நம்ம பாதத்துக்குச் சுடுகாட்டு ஆர்டராம். சாமி கைவுட்டுச்சு, எலிமண்ட காப்பாத்துது."

ஏசுபாதம் தன் பங்குக்குக் கல்லிடம் சொன்னார்: "எலிக்குக் கூட ரெண்டு காதும் சொந்தக் காது."

வேலை எட்டு மாதம் ஓடியது. முதலில் நாட்டு நாய், அப்புறம் முகம் நசுங்கிய பக் நாய். இரண்டும் நாய்தான் என்று டாக்டர் சொல்லியிருக்காவிட்டால் ஏசுபாதம் நம்பியிருக்க மாட்டார். ஒன்று நீண்டு ஒடுங்கி ஓடம் மாதிரி. மற்றது மூக்கே இல்லாமல், கன்னம் இரண்டு பக்கமும் பிதுங்கி, உருண்டைக் கல்லுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி. பிறகு பூனை, ஆடு, பன்றி, குதிரை, பெருச்சாளி. ஒவ்வொன்றிலும் வளைவுதான் கழுத்தறுத்தது. கல்லுக்கு எலும்பின் குணம் இல்லை, வளையாது, விட்டுவிடும். முதலில் பின்பக்கத்தைத் துளைத்து, துளையைச் சிறு உளியால் அகலப்படுத்தி, கடைசியில்தான் வெளிப்பக்கத்தை மெலிய வைக்க வேண்டும். வரிசை மாறினால் பாலம் போய்விடும். ஆட்டுக்கு ஒரு முறை அப்படித்தான் போனது. ஏசுபாதம் அந்தக் கல்லை ஓரம் தள்ளிவிட்டு, சொந்தச் செலவில் வேறு கல் வாங்கி மறுபடி ஆரம்பித்தார்.

"காத்துல கட்டற பாலம்," என்றாள் பாப்பா. அவள் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற வேலையைப் பார்த்துக்கொண்டாள். "இதுங்க உள்ள விரலு வுட்டுத் தேக்கறதுக்குள்ள என் விரலு தேஞ்சிரும். அந்தப் பேரு கல்லுல எம்பேரையும் போடச் சொல்லு."

நடுவில் ஒருமுறை, குதிரையின் பல் எண்ணிக்கையில் சந்தேகம் வந்து ஏசுபாதம் டாக்டருக்குப் போன் செய்தார். பாடம் நடத்திக் கொண்டிருந்த டாக்டர், "முன்னாடி இருக்கறதைப் பார்த்துச் செய்ங்க. பல்லு பல்லா போன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு ஏசுபாதம் அந்த எண்ணுக்குப் பேசவில்லை. செத்தாலும் பேசுவதில்லை என்று முடிவு செய்து கொண்டார்.

எட்டாவது தலை கடைசியாக வந்தது. எறும்பும் கறையானும் தின்கிற, உடம்பெல்லாம் செதில் மூடிய அழுங்கு. மற்ற ஏழுக்கும் நிஜ மண்டையோடு வந்தது. அழுங்கு காட்டு விலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதால் அதன் மண்டையோட்டைக் கல்லூரியை விட்டு வெளியே எடுக்கக் கூடாது. அச்சு எடுத்துப் பிளாஸ்டரில் வார்த்து அனுப்பினார்கள். கொண்டு வந்தவர் கல்லூரி அருங்காட்சியக உதவியாளர் காசிநாதன். வார்த்ததும் அவர்தான். கூடுவாஞ்சேரியில் பேருந்து ஏறி, செங்கல்பட்டில் மாறி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

ஏசுபாதம் பஞ்சைப் பிரித்தார். பேரிக்காய் மாதிரி வழவழவென்று ஒரு மண்டை. பல் ஒன்றுகூட இல்லை. கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து ஒரு குச்சி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. காதுப் பக்கமிருந்து ஒரு குச்சி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. நடுவில் ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் அப்படியே.

"எங்க வுட்ட?" என்றார் ஏசுபாதம்.

"எத்த?"

"நடுப்புற எங்க? பஸ்ல வுட்டியா, அச்சுலயே வுட்டியா?"

"அது அப்பிடித்தாங்க கீது. நான் ஒண்ணும் வுடல."

ஏசுபாதம் முப்பது வருடமாகக் கேட்கிற வாக்கியம் அது. மூக்கை உடைத்தவன், விரலை உடைத்தவன், காதை உடைத்தவன், எல்லாரும் அது அப்படித்தான் இருந்தது என்றே ஆரம்பிப்பார்கள். அவர் குச்சியின் முனையை விரலால் தடவினார். முறிந்த பிளாஸ்டர் சொரசொரவென்று இருக்கும். இது மழுங்கி, வழுவழுப்பாக இருந்தது.

"தேச்சும் வுட்டுக்கீற. இன்னா நம்பரு வாட்டர் பேப்பர்? நானூறா, அறுநூறா?"

"அண்ணாத்த, மரியாதயா பேசு. பதினெட்டு வருசம் மியூசியத்துல கீறேன். அதுக்கு வளைவு சேராது."

"பல்லு?"

"பல்லும் கெடயாது அதுக்கு."

"பல்லுமில்ல, கன்னமுமில்ல. போறப்ப கல்லூரில ரெண்டு எறும்பு புட்ச்சி வுட்டா தின்னுமா, இல்ல அதுக்கு வாயும் கெடயாதா?"

காசிநாதன் முகம் சிவந்துவிட்டது. காலிப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். "உங்கிட்டப் பேசறதுக்கு அந்தக் கல்லுகிட்ட பேசலாம். மேடத்துகிட்ட நீயே கேட்டுக்க."

"கேக்க மாட்டேன். உன் வேல போவும். போ. நான் ஒண்ணும் சொல்லல."

அதைப் பெரிய உபகாரம் மாதிரி சொன்னார். காசிநாதன் வாசலில் காறித் துப்பிவிட்டுப் பேருந்துக்கு நடந்தார்.

பாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "இந்தா, அந்தாளு சொல்றது நெசமாக் கூட இருக்கும்ல. ஒரு போன் பண்ணிக் கேட்டாத்தான் இன்னா?"

"அவங்களே சொல்லிக்கீறாங்க. வெளிச்சம் தெரியணும்னு."

"சொன்னாங்கதான்."

"அப்பறம் இன்னா. எறும்போ யானையோ, கன்னம் இல்லாத மண்ட ஏது. முன்னாலயும் குச்சி நீட்டிகினு கீது, பின்னாலயும் நீட்டிகினு கீது. ரெண்டும் எங்க போயிச் சேருதுன்னு கொழந்தைக்குத் தெரியும்."

"சரி, வாய மூடிகினு செய். போன தடவ ஒரு காதத் தட்டிக் காட்டிப் பாதி கொட்டாயி போச்சு. இந்தத் தடவ அந்தக் காசிநாதன் பொழப்பையும் கெடுக்காத."

காட்டிக்கொடுக்கவும் கூடாது, பின்னத்தைப் பார்த்துச் செய்யவும் கூடாது. அப்படியானால் வழி ஒன்றுதான். ஏசுபாதம் குறையை நிறைவாக்கினார். பல்லுக்கு எந்த அடையாளமும் இல்லாததால் பல் வைக்கவில்லை. இல்லாததைக் கற்பனை செய்ய அவருக்கு மனம் வராது. வளைவுக்குத்தான் இரண்டு முனையும் கண்முன்னே இருந்தனவே. முன்குச்சியையும் பின்குச்சியையும் நூல் பிடித்துச் சேர்த்தார். மற்ற ஏழு தலைகளில் கற்ற அத்தனையும் அதில் இறங்கியது. சுண்டுவிரல் தடிமனில், தட்டினால் வெண்கலக் கிண்ணம் மாதிரி பாடுகிற இரண்டு பாலங்கள். எட்டில் எது நல்ல வேலை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் காட்டியிருப்பார்.

பிப்ரவரி கடைசி வாரத்தில் டாக்டர் பிரபா பார்க்க வந்தார். மார்ச் மூன்றாம் தேதி திறப்பு விழா. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வரிசையாக விரலை விட்டு விட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். நாய்க்குத் தலையாட்டினார். பூனையிடம் நின்று சிரித்தார். பன்றியைத் தட்டிக் கொடுத்தார். எட்டாவதன் முன்னால் நின்றார். விரலை விடவில்லை.

"இது என்ன?"

"அழுங்கு."

"அழுங்குக்கு இது ஏது?" வளைவைச் சுட்டினார். "வார்ப்புல இது இருந்துச்சா?"

"ஒடஞ்சி வந்துச்சு. சரி பண்ணிக்கீறேன்."

"உடையல. அதுக்கு அது கிடையாது. அது மெல்லற மிருகம் இல்லை, ஏசுபாதம். பல்லே இல்லை. நாக்கை நீட்டி எறும்பை ஒட்டி அப்படியே முழுங்கும். மெல்லாத வாய்க்குக் கடிக்கிற சதை எதுக்கு? அந்தச் சதைக்குப் பாலம் எதுக்கு? நடுவுல சேராம நின்னுடும். அந்த வித்தியாசத்தைக் காட்டத்தான் ஏழையும் வெச்சு, பக்கத்துல இதை வைக்கச் சொன்னேன். நீங்க அதையும் ஏழு மாதிரியே பண்ணி வெச்சிருக்கீங்க."

ஏசுபாதம் வளைவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வெளிச்சம் தெரியணும்னு நீங்கதான சொன்னீங்க."

"வளைவு இருந்தா தெரியணும்னு சொன்னேன். காசிநாதன் சொல்லலையா உங்ககிட்ட?"

"சொன்னான்."

"அப்புறம்?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. பெரிசு பண்ண வேணாம். நடுவுல ரெண்டு விரற்கடை எடுத்துடுங்க. முனைய மழுக்குங்க. ஒரு மணி நேர வேலை. எட்டும் உங்க வேலை, உங்க பேரு."

உண்மையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஏசுபாதம் உளியை எடுத்தார். பாலத்தின் நடுவில் வைத்தார். சுத்தியலை ஓங்கவும் செய்தார். பாப்பா தேய்க்கிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"முழுசா கீறத ஒடைக்க மாட்டேன்."

"இது உடைக்கறது இல்லை. திருத்தறது."

"நான் ஒடைச்சிக் குடுத்தது ஒரு கல்லு கூட வாசலத் தாண்டல. ஒரு மாசம் குடுங்க, வேற கல்லுல செஞ்சித் தரேன். நீங்க சொன்னாப்ல, சேராத கன்னமா."

"ஒரு வாரந்தான் இருக்கு."

"அப்ப ஏழு வெச்சித் தெறங்க."

"எட்டுன்னு பத்திரிகை அடிச்சாச்சு. தப்பு பண்ணது நீங்க. பிடிவாதமும் நீங்களே பண்ணுவீங்களா?"

அந்த நேரத்தில்தான் பல வருடங்களுக்குப் பிறகு உலகநாதன் தென்பக்கத்து வாசலில் வந்து நின்றார். கையில் கிரைண்டர். ஒயர் அவர் பக்கத்து மின்சாரத்திலேயே சொருகியிருந்தது.

"மேடம், பத்து நிமிசம். அண்ணாத்தைக்குக் கை நடுங்குது, வயசாவுதுல்ல."

"வெளிய போய்யா," என்றார் ஏசுபாதம்.

"உன் வூட்டுக்குள்ளவா வந்தேன். வாசல்ல கீறேன். மேடம் சொன்னாப் போறேன்." உலகநாதன் சிலையை எட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "இன்னா பாதம், அன்னிக்கு நான் இல்லாத காத வெச்சேன்னு ஊரக் கூட்டின. இன்னிக்கு நீ இல்லாத கன்னத்த வெச்சிக்கீற. உன்ன எவன் தட்டிக் காட்டறது?"

பாப்பா கையிலிருந்த தேய்ப்புக்கல்லை அவர் மேல் எறிந்தாள். அது கதவு நிலையில் பட்டுத் தெறித்தது. உலகநாதன் நகரவில்லை.

டாக்டருக்கு இந்த இரண்டு பேரின் கணக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. "கடைசியா கேக்கறேன்," என்றார் ஏசுபாதத்திடம். "நீங்க எடுக்கறீங்களா, அவர் எடுக்கட்டுமா?"

ஏசுபாதம் உளிகளைத் துணியில் சுருட்டிக் கட்டினார். பிறகு சவுக்குத் தோப்புப் பக்கம் நடந்து போய்விட்டார்.

வெட்டும்போது விரிசல் ஓடும், மண்டை இரண்டாகப் பிளக்கும் என்று தோப்பில் உட்கார்ந்து அவர் எதிர்பார்த்தார். வேண்டிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். ஒன்றும் ஓடவில்லை. உலகநாதன் தண்ணீர் விட்டு விட்டு, பிளேடை அதட்டாமல், பூனை நடக்கிற மாதிரி அறுத்தார். நான்கு முனைகளையும் மழுக்கினார். டாக்டர் வார்ப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. ஏசுபாதம் திரும்பி வந்து பார்த்தபோதும் சரியாகத்தான் இருந்தது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வெட்டிய இரண்டு துண்டுகளையும் உலகநாதன் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். போகும்போது பாப்பாவிடம், "உங்க வூட்டுக்காரு கன்னம், பத்திரம்" என்றாராம்.

லாரியில் எட்டும் போயின. விழா அன்று காசிநாதனிடம் பணத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார் டாக்டர், எட்டுக்கும் சேர்த்து. ஏசுபாதம் எண்ணி, எட்டாவதன் பங்கு நாற்பதாயிரத்தைப் பிரித்துத் திருப்பி நீட்டினார்.

"இது என்னுது இல்ல."

"மேடம் எட்டுக்கும் போட்டுக்கீறாங்க. வாங்கிக்க அண்ணாத்த."

"பின்னத்துக்கு டப்பு வாங்கறதில்ல."

"அது பின்னமில்ல. அது அப்பிடித்தான்," என்றார் காசிநாதன், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி. அன்று துப்பிய இடத்திலேயே நின்று சொன்னார். ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, படி இறங்குகிறபோது திரும்பினார். "பேரு போட்டுட்டாங்க. போயிப் பாரு. உன் பேரும் கீது."

'உன் பேரும்' என்றது இரண்டு நாள் முள்ளாக உறுத்தியது. மூன்றாம் நாள் ஏசுபாதம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். கல்லூரி வாசலில் எட்டுத் தலையும் அரைவட்டமாக நின்றன. மாணவிகள் சிலர் பூனையின் கன்னத்தில் விரலை விட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுங்கிடம் வந்து, விரலை விட இடம் தேடி, இல்லை என்றதும் குனிந்து பார்த்தாள். "ஏய், இதுக்குச் சேரவே இல்லடி" என்று மற்றவளைக் கூப்பிட்டாள். டாக்டர் காட்ட நினைத்தது அதைத்தான். ஏசுபாதம் அதைக் கண்ணால் பார்த்தார். வாயால் ஒப்புக்கொள்ளவில்லை.

பலகைக் கல்லில் வெட்டியிருந்தது: சிற்ப வேலை, உலகநாதன், ஏசுபாதம். ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில். கூட்டுப் பட்டறையின் பழைய பெயர்ப் பலகையில் இருந்த அதே வரிசை.

ஏழரைத் தலை செய்தவனுக்குக் கீழ்வரி, பத்து நிமிடம் அறுத்தவனுக்கு மேல்வரி. வரிசையைவிட, அந்தப் பெயரோடு சேர்ந்து நிற்பதுதான் அவருக்கு எரிந்தது. அறைக்குப் போய் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"எட்டும் ஒருத்தர் செஞ்சா ஒரு பேருன்னு முதல்லயே சொன்னேன். ரெண்டு பேர் கை பட்டிருக்கு, ரெண்டு பேர் பேரு. அகர வரிசையில போட்டோம். இதுல என்ன அநியாயம்?"

"அவன் பேரு கீற கல்லுல எம்பேரு வாணாம்."

"எழுதிக் குடுங்க," என்றார் டாக்டர், தலை நிமிராமல். போகச் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னார். ஏசுபாதம் சொன்னபடி எழுதிக் கொடுத்தார். பதில் இல்லை. ஒரு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் மறுபடி எழுதினார்.

பாப்பா அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நிறுத்துவதற்கு முன்னால் ஒரு முறை பேசினாள். "பேரு பேருன்னு கல்லக் குடைஞ்ச. கெடச்சிது. இப்ப அத்தயும் நீயே பேத்து எடுக்கச் சொல்ற. அன்னிக்கு ரெண்டு விரக்கட கல்லு எடுக்கச் சொன்னாங்க, மாட்டேன்னுட்ட. இத்த மட்டும் எப்பிடி எடுக்கச் சொல்ற?"

"அது முழுசா கீற வேல. இது பின்னமானது," என்றார் ஏசுபாதம்.

பிறகு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. தாங்கள் இரண்டு முறை எழுத்து மூலம் கேட்டுக்கொண்டபடி, பலகைக் கல்லிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்பட்டது. நீக்கும் வேலையைத் திரு. உலகநாதன் செய்து முடித்து அதற்கான கூலியைப் பெற்றுக்கொண்டார். கல்லில் இனி அவர் பெயர் மட்டும் இருக்கும். இது குறித்து மேற்கொண்டு கடிதப் போக்குவரத்து தேவையில்லை.

கடிதம் வந்தது 2023 ஆகஸ்ட் 17.